பதக்கத்தின் பின்னால் ஒரு மரக்காலை



நான் தொழிலால் கணக்காளன். அதனால் எங்கள் சங்கங்களின் வரவு செலவு பல தடவை என் மேசைக்கு வந்து சேரும். விருது விழா என்றால் மண்டப வாடகை, சாப்பாட்டுச் செலவு, கேடயம் செய்த பில் எல்லாம் அதில் இருக்கும். விருது பெற்றவர் எதைச் செய்து அதைப் பெற்றார் என்பதற்கு மட்டும் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. இந்த மாதம் அப்படி எழுதப்படாத ஒரு கணக்கைச் சொல்லப்போகிறேன். இது விழித்திரை வைத்தியர்களைப் பற்றியது.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. 2001ஆம் ஆண்டு மாரி காலத்தில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டில், ஒரு நாள் காலை அம்மா சொன்னார்: "தம்பி, கண்ணுக்கு முன்னால ஒட்டறை தொங்குது." யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே அவருக்குச் சலரோகம். மாதம் தவறாமல் சீனி பார்க்கக் கூட்டிப்போன நான் கண்ணை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. கண்ணாடியை மாற்றினால் சரிவரும் என்று அவருக்குச் சொன்னதும் நான்தான். அது ஒட்டறை அல்ல, கண்ணுக்குள் கசிந்த இரத்தம். ஒரு கண்ணை லேசர் காப்பாற்றியது. மற்றக் கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது.

விழித்திரை என்பது பழைய கமராவின் பிலிம் போன்றது. கண்ணின் பின்புறத்தில் மெல்லிய தாளாக ஒட்டியிருக்கும். அது கழன்றால் பார்வை போய்விடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை அதற்கு வைத்தியம் இல்லையென்றே சொல்லலாம். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ஜூல்ஸ் கொனின் என்பவர்தான், விழித்திரையில் விழும் கிழிசலே காரணம், அதைச் சூடு வைத்து மூடினால் திரை மீண்டும் ஒட்டும் என்று காட்டினார். 1929இல் அம்ஸ்ரர்டாமில் நடந்த உலகக் கண் வைத்தியர் மாநாட்டுக்குப் பின்னரே அவர் முறை பரவலாக ஏற்கப்பட்டது. 1935இல் அவர் இறந்தார். அவர் பெயரிலான கொனின் பதக்கம் 1941இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. கண் வைத்தியத்தில் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்று அது.

ஆனால் கிழிசலை மூடுவதற்கு முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமே! அந்த வேலையைச் சுலபமாக்கியவர் சார்ள்ஸ் ஸ்கெப்பன்ஸ். அகதிகளாக வந்த நாங்கள் அறிந்திருக்க வேண்டிய மனிதர். பெல்ஜியத்தில் 1912இல் பிறந்தவர். ஜேர்மன் படைகள் நாட்டைப் பிடித்ததும் தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தார். பின்பு பிரான்சுக்குத் தப்பி, ஜாக் பெரோ என்ற பொய்ப் பெயரில், ஸ்பெயின் எல்லையோர மலைக்கிராமமான மொந்தீவில் ஒரு மரக்காலை நடத்தினார். வெளியே பார்த்தால் மர வியாபாரம். உள்ளே, நூற்றுக்கு மேற்பட்டவர்களை மலை தாண்டி ஸ்பெயினுக்கு அனுப்பும் வேலை. 1943இல் இரகசியப் பொலிஸ் தேடி வந்தபோது அவரும் காட்டு வழியாகத் தப்பினார்.

இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தவர் மீண்டும் வைத்தியரானார். தலையில் மாட்டிக்கொண்டு, இரு கண்ணாலும் விழித்திரையின் ஓரம் வரை பார்க்கக்கூடிய கருவியை உருவாக்கினார். 1947இல் அமெரிக்கா போய், பொஸ்ரனில் விழித்திரைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தார். இன்றும் அமெரிக்கக் கண் வைத்தியர் மாநாட்டில் அவர் பெயரில் நினைவுரை நடக்கிறது. ஆனால் மலையில் செய்த காரியத்துக்குப் பிரெஞ்சு அரசின் லீஜியன் ஒஃப் ஹொனர் விருது கிடைத்தது 2006 மார்ச்சில். அடுத்த சில நாட்களில், 94ஆவது வயதில், அவர் காலமானார். அறுபது வருடத்துக்கு மேல் நிலுவையில் கிடந்த வரவு!

பொஸ்ரனில் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் சென்னை திருவல்லிக்கேணியில் 1940இல் பிறந்த எஸ். எஸ். பத்ரிநாத். பதின்ம வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். தகப்பனின் ஆயுள் காப்புறுதிப் பணத்தில் வைத்தியப் படிப்பை முடித்தார். காப்புறுதிப் பத்திரங்களை எத்தனையோ பார்த்தவன் நான். இதைவிட நன்றாகப் பலன் தந்த ஒன்றை அறியேன். 1970இல் அமெரிக்கத் தகைமையோடு எங்கள் கனடாவின் எஃப்.ஆர்.சி.எஸ். தகைமையும் பெற்றார். இங்கேயே இருந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பினார். 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கி, வசதியற்றவர்களுக்குக் கட்டணமின்றியும் வைத்தியம் கிடைக்கச் செய்தார். 1983இல் பத்மஸ்ரீ, 1999இல் பத்மபூஷண். 2023 நவம்பரில் மறைந்தார்.

மதுரையில் இன்னொரு விதம். 1976இல் 11 படுக்கைகளுடன் டொக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் விழித்திரைப் பிரிவை வளர்த்தவர் டொக்டர் நம்பெருமாள்சாமி. 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ. அதே ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் சம்பலிமோ விருது, பத்து இலட்சம் யூரோவுடன், அரவிந்த் நிறுவனத்துக்கே போனது. இந்த வகை விருது எனக்குக் கூடப் பிடிக்கும். மருந்து விட்ட தாதியும் கிராமத்து முகாமுக்கு வாகனம் ஓட்டியவரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள்.

கொனின் காட்டியதை வைத்து ஸ்கெப்பன்ஸ் மேலே போனார். அவரிடம் கற்றதைப் பத்ரிநாத் ஊருக்குக் கொண்டுபோனார். அந்தத் தொடரின் ஒரு நுனி 2001இல் எங்கள் அம்மாவின் ஒரு கண்ணைத் தொட்டது. மற்றக் கண்ணுக்கு அது எட்டாமல் போனது வைத்தியர்களின் குறையல்ல. நான் நேரத்துக்குப் போகவில்லை. வைத்தியர் எத்தனை பதக்கம் பெற்றவராக இருந்தாலும், அவர் முன் போய் உட்கார்ந்தால்தானே பார்ப்பார்?

ஆகவே நேயர்களே, ஒரு வேண்டுகோள். ஒன்ராறியோவில் 2004இல் 20 முதல் 64 வயது வரையானோரின் சாதாரணக் கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் கட்டுவதை நிறுத்தியது. சலரோகக்காரருக்கு நிறுத்தவில்லை. ஆண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனை இலவசம். ஹெல்த் கார்ட்டோடு போனால் போதும். கண்ணுக்கு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகையால் வாகனம் ஓட்டப் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று பின்போடாதீர்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னார், நானும் நம்பினேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.