அருவிக்கரையிலிருந்து ஐகிரவுண்டு வரை: தென்காசி வட்டார மருத்துவ வரலாற்றில் கைக்காசும் தூரமும்

ஐந்தருவியில் தலையைக் கொடுத்தால் தலைவலி போகும், மூலிகை வேர்களை நனைத்து வரும் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று சீசனுக்கு வருகிறவர்கள் சொல்வது வழக்கம். உடல்நலம் நாடி வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்கு வந்த வரலாறு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலானது. அதே காலத்தில் மருத்துவம் தேடி உள்ளூர்க்காரர்கள் மலையைத் தாண்டியும் சமவெளியைக் கடந்தும் போயிருக்கிறார்கள். அதிகம் எழுதப்படாத இந்த இரண்டாவது பயணத்தையே இக்கட்டுரை பின்தொடர்கிறது. மருத்துவம் எட்டுவதற்குத் தடையாக இருந்தவை கைக்காசும் தூரமும். தென்காசி வட்டாரத்தில் முதல் தடை பெருமளவு தளர்ந்தது. இரண்டாவது இன்னும் தளரவில்லை என்பது என் வாதம்.

குற்றாலம் உதகையைப் போல உயரமான ஊர் அல்ல. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சாரலை அள்ளி வருவதால்தான் மலையடிவாரத்திலேயே ஜூன் முதல் குளிர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டதோடு, வெயிலில் நொந்த வெள்ளையர் உடல் தேறும் இடமாகவும் ஊரை ஆக்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் மன்னர்கள் கட்டிய அரண்மனை இன்றும் குற்றாலத்தில் கேரள அரசின் சொத்தாக நிற்கிறது. காற்றும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது என்றாலும், அவற்றை மருத்துவமாகப் பயன்படுத்த ஓய்வும் பங்களாவும் வேண்டியிருந்தன. வயற்காட்டில் நின்றவர்களுக்கு இரண்டும் இல்லை.

இந்த வட்டாரத்தின் தனித்தன்மை அதன் எல்லைக்கோட்டில் இருக்கிறது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மொழியும் சொந்தபந்தமும் சந்தையும் ஒன்று, அரசுகள் இரண்டு. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமிபாய் 1813-இலேயே அம்மைத் தடுப்பூசியைத் தொடங்கிவைத்தார். 1865-இல் திருவனந்தபுரத்தில் பொது மருத்துவமனை திறக்கப்பட்டது. அரசு ஊழியர்களும் மாணவர்களும் கைதிகளும் அம்மை குத்திக்கொள்வது கட்டாயம் என்று 1879-இல் ஆணை வந்தது. மன்னர் குடும்பமே முன்னின்று செய்த வேலை என்பதால் ஊசி குறித்த அச்சம் ஓரளவு குறைந்தது. ஆயினும் தலைநகரில் கட்டிய மருத்துவமனை, மலைக்குக் கிழக்கே ஒதுங்கிக் கிடந்த செங்கோட்டைக்காரருக்கு எவ்வளவு உதவியிருக்கும்? சமஸ்தானத்தின் முனைப்பைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

சென்னை மாகாணம் வேறு வழியில் நடந்தது. 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் தாலுகா, மாவட்ட போர்டுகள் மருந்தகங்களை நடத்தின. மக்கள் நாவில் ‘தர்மாஸ்பத்திரி’ என்ற சொல் நிலைத்தது இப்படித்தான். தருமம் என்ற சொல்லிலேயே உரிமை இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், கிராமத்தில் தங்கித் தொழில் செய்யும் மருத்துவருக்கு மானியம் கொடுக்கும் திட்டம் வந்தது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமே இந்தியாவில் இத்துறையில் வந்த முதல் முழுமையான சட்டம். நகராட்சிகள் தங்கள் வருவாயில் 30 விழுக்காட்டையும் மாவட்ட போர்டுகள் 12.5 விழுக்காட்டையும் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. திருவிழாக்கள், தங்கும் விடுதிகள், தாய்சேய் நலம் ஆகியவற்றுக்கும் விதிகள் வகுத்தது. சீசன் கூட்டத்தோடு காலராவும் வந்துவிடுமோ என்று அஞ்சிய ஒரு குளியல் ஊருக்கு இவை ஏட்டு விதிகளாக மட்டும் இருந்திருக்க முடியாது.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நிர்வாகக்கோடு அழிந்தாலும் பழக்கம் அழியவில்லை. பெரிய நோய் என்றால் புளியரை தாண்டித் திருவனந்தபுரம் போகும் வழக்கம் எல்லையோர ஊர்களில் இன்றும் உண்டு. பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தன. பின்னதன் மருத்துவமனை இருக்கும் மேட்டுநிலம் ‘ஹைகிரவுண்டு’. எங்கள் பக்கம் அது ‘ஐகிரவுண்டு’. தென்காசி ஆஸ்பத்திரியில் “ஐகிரவுண்டுக்கு எழுதிட்டாங்க” என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முகம் மாறிவிடும். ஏறக்குறைய 55 கிலோமீட்டர் அது.

கைக்காசுத் தடை தளர்ந்ததில் பெரிய பங்கு, அதிகம் பேசப்படாத ஒரு சரக்கு ஏற்பாட்டுக்கு உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி 1995-இல் வேலையைத் தொடங்கியது. இன்றியமையா மருந்துகளின் பட்டியல், ஒரே இடத்தில் மொத்தக் கொள்முதல், மாவட்டக் கிடங்குகள், தரச் சோதனை, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் என்ற முறையை அது கொண்டுவந்தது. எந்த நிலையம் எவ்வளவு மருந்து எடுத்தது என்பது அந்தப் பாஸ்புக்கில் பதிவாகும். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாநகர மருத்துவமனைக்கும் ஒரே கிடங்கு முறை. சீட்டை எழுதி வெளிக்கடைக்கு அனுப்பும் வழக்கம் குறைந்ததற்கு எந்த வீரவசனத்தையும் விட இதுவே காரணம் என்பேன்.

இதே மண்ணின் பீடிப் பெண்கள் கதை வேறு. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கம் மடியில் முறத்தை வைத்து இலை சுருட்டும் பெண்கள் நாள்முழுதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். ஆலை இல்லை, வீடே வேலைத்தலம் என்பதால் தொழிற்சாலை மருத்துவரும் இல்லை. 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது: பீடி மீது விதித்த வரியிலிருந்தே அவர்களுக்கான மருந்தகங்கள், முக்கூடலில் மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அந்த வரி நீக்கப்பட்டது. தொழிலே மருத்துவச் செலவைச் சுமக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதோடு அறுந்தது. மருந்தகம் அரசின் பொது நிதியை எதிர்பார்த்து நிற்கத் தொடங்கியது. இதை வரிச்சீர்திருத்தம் என்று மட்டும் எழுதிப்போவது சரியல்ல.

நேர்மாறான எடுத்துக்காட்டு ஆய்க்குடியில் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் சேர்ந்துகொண்டார். குறைபாடுள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் நகரத்துக்கு அலைவதை விட, பயிற்சி பெற்ற பெண்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவது என்ற முறையை அச்சங்கம் வளர்த்தெடுத்தது. தூரத்தைக் குறைக்க நோயாளியை நகர்த்த வேண்டியதில்லை என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தின் அடிப்படையும் இதுவே: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது.

மாநில அளவில் எண்கள் பெருமைக்குரியவைதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தன. அதே ஆய்வு அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு என்றும், தனியாரிடம் 63.8 விழுக்காடு என்றும் காட்டுகிறது. மருத்துவமனை எட்டிய பின்னும் மருத்துவத்தின் தரம் தனிக் கேள்வியாகவே நிற்கிறது.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி அதன் எல்லைக்குள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். ஆட்சியர் வந்தார், அலுவலகங்கள் வந்தன. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. பக்கத்து விருதுநகருக்கு ஒன்று கிடைத்தது. தென்காசி அந்தப் பட்டியலில் இல்லை. 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் கைக்காசு கேட்பதில்லை. ஆனால் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டவரைத் தென்காசியில் முதலுதவி பார்த்து ஐகிரவுண்டுக்கு எழுதினால், அந்த வண்டி பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட வேண்டும்.