துண்டு கைமாறிய கதை

எங்கள் தோட்டத்துப் புட்போல் டீமில் கப்டனுக்கென்று கடையில் வாங்கிய பட்டி கிடையாது. அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இடது கையில் கட்டிக்கொள்வோம். மழையில் நனைந்தால் அது விறைத்துத் தோலை அறுக்கும். ஆட்டம் முடிந்து அவிழ்க்கும்போது கையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தை நான் பத்தொன்பது வருஷம் வைத்திருந்தேன். கடைசி மூன்று வருஷம் வைத்திருந்திருக்கக் கூடாது.

மலைநாட்டில் தலைமை எப்படிக் கைமாறி வந்திருக்கிறது என்று யோசித்தால், முதலில் பெரிய கங்காணிதான் வந்து நிற்கிறார். கோப்பிக் காலத்திலேயே தொடங்கிய ஏற்பாடு அது. தலைப்பாகை, கோட்டு, காதில் கடுக்கன், கையில் பிரம்பு. ஊரில் தன் சாதிசனத்தைத் திரட்டிக் கூட்டிவருவார். துரையிடம் வாங்கிய முன்பணம் ஆட்களின் பெயரில் கடனாக ஏறும். ஆள் வேலைக்கு இறங்கினால் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்கும் பெயர் துண்டுதான். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். பெரிய கங்காணி கண்ணை மூடினால் ஆட்களும் கடன் கணக்கும் மகனுக்கோ மருமகனுக்கோ போகும். உயிரோடு இருக்கும்போதே ஒரு கங்காணி தலைப்பாகையைக் கழற்றி இன்னொருவர் தலையில் வைத்ததாக என் தாத்தா ஒரு கதைகூடச் சொன்னதில்லை. இத்தனைக்கும் அவரிடம் கங்காணிக் கதைகள் நிறைய இருந்தன.

கங்காணிக்கு எதிராக இன்னொரு தலைமை இருக்க முடியும் என்று தோட்டத்து ஆட்களுக்குக் காட்டியவர் கோ. நடேசய்யர். 1931இல் ஹட்டனில் அவர் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அதற்குப் பிறகு, 1939இல் நேரு வந்துபோன கையோடு, இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. லயத்துக்குள்ளிருந்தே தோட்டத் தலைவர் என்று ஒருவர் வந்தார். துரைக்கு முன்னால் செருப்போடு நிற்கக்கூடிய ஆள். மலையில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைவராக வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இது இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் குத்துகிறது.

அந்தத் தலைவர்களுக்கெல்லாம் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவருடைய அப்பா கங்காணியாக இருந்து, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே வாங்கியவர். மகன் 1945இல் காங்கிரஸின் தலைவரானார். 1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, நுவரெலியாவில் அவர் வென்றார். மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1950களின் நடுவில் காங்கிரஸின் இன்னொரு தலைவரான அசீஸ் பிரிந்துபோய் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைக் கட்டினார். அதற்குப் பிறகு, பெயர் மாறியிருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்றால் தொண்டமான், தொண்டமான் என்றால் காங்கிரஸ்.

1964 ஒக்டோபர் 30இல் எங்கள் சனத்தைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே. மிச்சமிருந்த 150,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். எங்கள் டீமையும் அந்தக் கணக்குதான் பிரித்தது. கோல் காத்த அண்ணன் இந்தியா, முன்னால் ஆடிய இருவர் இந்தியா, நான் இலங்கை. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றுதான் அப்போது சொல்வோம். 1977இல் எங்கள் கப்டனை ஹட்டன் ஸ்டேசனில் அந்தக் கோச்சியில்தான் ஏற்றிவிட்டோம். பொம்பளைகள் பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அவர் தகரப் பெட்டியைத் திறந்து, வேட்டி மடிப்புக்குள்ளிருந்து அந்தப் படங்குத் துண்டை எடுத்து என் கையில் திணித்தார். "இத வச்சுக்கடா. பள்ளத்துப் பக்கம் பந்த அடிக்காதீங்க, திரும்ப வராது." எனக்கு அப்போது பதினெட்டு வயது. கோத்தகிரிப் பக்கம் இருப்பதாகப் பிறகு ஒரு கடுதாசி வந்தது, அவ்வளவுதான். ராமேஸ்வரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ராமானுஜம் கப்பலும் 1984இல் நின்றது.

எங்களுக்குத் தெரிந்த தலைமை மாற்றம் இரண்டே வகை. ஒன்று சாவு, மற்றது கோச்சி.

தொண்டமான் ஐயா ஏன் அவ்வளவு காலம் விடவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குடியுரிமை கையில் இல்லாத சனத்துக்கு அவர்தான் நெடுங்காலம் வாயாக இருந்தார். ஆட்டம் நடக்கும்போது கப்டனை மாற்றுவது லேசான காரியமில்லை. 1978இல் அமைச்சரானார். 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வந்தது. 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கினார். கொழுந்துக்கூடை லயத்து வாசலில் கிடக்க, நாங்கள் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தோம். 1988இல் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. தலைமையைக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆட்டத்தை ஜெயித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, தப்புப் பண்ணினால் திருத்த இன்னும் பத்து வருஷம் இருந்தது. அவர் விடவில்லை. 1999 ஒக்டோபர் 30இல், எங்களைப் பிரித்த அந்த ஒப்பந்தத் தேதியிலேயே, எண்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். அன்றும் அவர் அமைச்சர்தான். தலைமை பேரன் ஆறுமுகனுக்குப் போனது. 2020 மே 26இல் ஆறுமுகனும் திடீரென்று போய்விட்டார். ஊரடங்குக்கு நடுவில் நோர்வூட்டில், தாத்தா பெயர் வைத்த மைதானத்தில் தீ மூட்டினார்கள். அந்த வருஷ ஓகஸ்டில் அவருடைய மகன் ஜீவன் 109,155 வாக்கு வாங்கி நாடாளுமன்றம் போனார். வயது இருபத்தைந்து. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று பழக்கிவிட அப்பாவும் இல்லை, பூட்டனும் இல்லை.

இதைச் சொல்லும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1993 வாக்கில் எங்கள் டீமில் ஒரு பையன் இருந்தான், பத்தொன்பது வயது. எங்கள் மைதானம் மலையைச் செதுக்கி எடுத்த ஒரு படிக்கட்டு மாதிரி. மேல் பக்கம் தேயிலை, கீழ்ப் பக்கம் கான், கானுக்குக் கீழே ஆறு. மூடுபனி இறங்கினால் கோல் கம்பு தெரியாது. பந்து உதைபடும் சத்தத்தை வைத்துத்தான் ஓட வேண்டும். ஒரு போயா நாளில் அப்படித்தான் பனி மூடிக்கொண்டது. "இடப்பக்கம் வா, இடப்பக்கம்!" என்று அவன் கத்துகிறான். எல்லாரும் இடப்பக்கம் ஓடுகிறார்கள். அதே நேரம் நான் வலப்பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தேன். துண்டு என் கையில் இருந்தது, டீம் அவன் குரலில் இருந்தது. அன்று சாயங்காலமே அவிழ்த்துக் கொடுத்திருக்க வேண்டும். தீபாவளி மெச் முடியட்டும் என்றேன். பொங்கல் முடியட்டும் என்றேன். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். போனதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று அவன் அம்மா சொன்னார். நான் இன்றுவரை அதை முழுதாக நம்பவில்லை.

2014இல் ஜெர்மன் கப்டன் பிலிப் லாம் உலகக் கிண்ணத்தைத் தூக்கி, ஐந்தாம் நாள் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். முப்பது வயது. டீவியில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தியக் கப்டன் சுனில் சேத்ரி 2024 ஜூனில், முப்பத்தொன்பது வயதில் கொல்கத்தாவில் விடைபெற்றார். அடுத்த மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள். போய் ஆடி, கோலும் போட்டார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. பின்னால் வருபவரை வளர்த்தெடுப்பது ஒரு கப்டன் மட்டும் செய்கிற காரியமில்லை, டீமும் ஊரும் சேர்ந்து செய்வது.

1996இல் நான் கொடுத்தேன். கோல் காத்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையனுக்கு. சாவும் இல்லை, கோச்சியும் இல்லை. மைதானத்து நடுவில் எல்லாரும் பார்க்க அவிழ்த்துக் கட்டிவிட்டேன். அவன் கை என் கையைவிட ஒல்லி, துண்டை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அவனுக்குக் கீழே ஆடினேன். முதல் மெச்சிலேயே பழக்கதோஷத்தில் முன்னால் ஓடிவிட்டேன். அவன் கோலுக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

"மாமா, நீங்க பின்னால வந்து நில்லுங்க."

பின்னால் வந்து நின்றேன்.