நாஞ்சில் மண்ணும் நெக் கணக்கும்

தென்னைக்குத் தென்னை கம்பி இழுத்துக் கட்டி உலகத்தோடு உரையாடுகிறவர்கள் ஹாம் வானொலிக்காரர்கள். கட்டுவதற்கு முன்பே, கம்பி எத்திசையில் எக்கோணத்தில் அலையை வீசும் என்பதைக் கணினித்திரையில் பார்த்துவிடலாம். அப்படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கான விடை அம்மென்பொருளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அமெரிக்கக் கடற்படை, விமானப்படை ஆதரவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பர்க், போஜியோ இருவரும் உருவாக்கிய 'நெக்-2' நிரலின் விளக்கநூல் 1981இல் வெளிவந்தது. கம்பியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டத்தைச் சமன்பாடுகளால் காண்பது அதன் வழி. அது பெருங்கணினிக்கானது. வீட்டுக் கணினிக்கு ஏற்ற 'மினிநெக்' 1982இல் கடற்படை ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தது. அந்த மரபில் வந்த மென்பொருள்கள் மின்னோட்டத்தைக் கணக்கிடும்போது தரையைக் குறையற்ற உலோகத் தகடாகவே கொள்கின்றன. ஆகவே அலைநீளத்தில் ஐந்திலொரு பங்குக்கும் கீழே கிடைமட்டமாகத் தொங்கும் கம்பிக்கு இல்லாத வலிமையைக் கூட்டிச் சொல்லிவிடுகின்றன. 80 மீட்டர் அலைவரிசைக்கு அந்த வரம்பு 16 மீட்டர். நம் தோப்புகளில் அவ்வுயரம் தாண்டிய தென்னைகள் எத்தனை தேறும்?

நெக்-2 இவ்விடத்தில் மேலானதுதான். ஆனால் மண்ணுள் புதைத்த கம்பி அதன் கணக்குக்கு அடங்காது. மேலும், தரை என்பது அதற்கு இரண்டே எண்கள்: மின்கடத்துதிறன், மின்காப்பு மாறிலி. சராசரி மண்ணின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.005 சீமென்ஸ், கடல்நீருக்கு 5 என்று இடுவது வழக்கம். ஆயிரம் மடங்கு வேறுபாடு. கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் நீர் நிற்கும் வயல், அறுப்பு முடிந்தால் வெடித்துக் கிடக்கிறது. எந்த எண்ணை இடுவது? கடலுக்கென இரண்டாவது தரை ஒன்றைச் சேர்க்க இடமுண்டு. வேளிமலையைச் சேர்க்க இடமில்லை.

அலை தன் கோணத்தில் புறப்பட்டதும் கணக்கு முடிந்துவிடுகிறது. வானம் அதில் இல்லை. நம்முடையதோ தனி வானம். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1852இல் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு வந்த ஜான் ஆலன் புரவுன், அகத்தியமலை உச்சிக்கும் கருவிகளை ஏற்றிக் காந்தப்புலத்தை அளந்தார். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் எடுக்கப்பட்டவை என்பதே அவ்வளவைகளின் அருமை. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் கிளம்பத் தும்பா தேர்வானதும் அந்த நடுக்கோட்டை முன்னிட்டே. அந்தி கழிந்தபின் அதன் மேலுள்ள அயனிமண்டலம் குமிழிட்டுக் குலைவதுண்டு. சூரியன் செயல்மிகுந்த ஆண்டுகளில், பங்குனியிலும் புரட்டாசியிலும் கூடுதலாக. அதுவரை தெளிவாகக் கேட்ட தொலைதூரக் குரல் அப்போது படபடக்கத் தொடங்கும். திரையிலுள்ள ஆண்டெனாப் படத்தில் ஒரு கோடும் அசைந்திருக்காது.