பிரிட்டனின் போர்க்காலப் பரப்புரை: நாளிதழ்களும் சுவரொட்டிகளும்

போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அரசும், அதற்குத் துணைநின்ற பத்திரிகை முதலாளிகள், எழுத்தாளர்கள், ஓவியர்களும் சொந்த மக்களையும் நடுநிலை நாடுகளையும் எதிரிப் படைகளையும் நோக்கி நடத்திய பிரச்சாரம் இத்தலைப்பில் அடங்கும். முதல் உலகப் போருக்கு (1914–1918) முந்தைய காலத்தைப் பற்றிய சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. கிரிமியப் போரின்போது ‘டைம்ஸ்’ நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் அனுப்பிய செய்திகள் ராணுவ நிர்வாகத்தின் சீர்கேட்டை வெளிப்படுத்தின. போர்முனைச் செய்தியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற எண்ணம் ராணுவத்தாரிடம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். 1896இல் அரை பென்னிக்கு வெளிவரத் தொடங்கிய ‘டெய்லி மெயில்’, அதுவரை நாளிதழ் வாங்காதவர்களையும் வாசகர்களாக்கியது.

தணிக்கையும் தொடக்க மாதங்களும்

1914 ஆகஸ்ட் 4ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. மறுநாள் விடிவதற்குள் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று கடலடியில் சென்ற ஜெர்மானியத் தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டது. அந்தக் கப்பல் ‘டெல்கோனியா’ என்று பழைய நூல்கள் கூறும். ‘அலர்ட்’ என்பது பிந்தைய ஆய்வாளர்களின் முடிவு. கப்பல் எதுவானாலும் விளைவு ஒன்றே: ஜெர்மனி அமெரிக்காவுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் முதன்மை வழி முதல் நாளிலேயே அடைபட்டது. ஆகஸ்ட் 8ஆம் நாள் நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எஃப். ஈ. ஸ்மித் தலைமையில் பத்திரிகைச் செயலகம் அமைந்தது. போர் அமைச்சர் கிச்சனர் பிரபு நிருபர்களைப் போர்முனைக்கு அருகே விடவில்லை. ராணுவ அதிகாரி எர்னஸ்ட் ஸ்வின்டன் ‘நேரில் கண்டவர்’ என்ற பெயரில் எழுதித் தந்ததையே நாளிதழ்கள் வெளியிட்டன.

அதற்கும் முன்பு ஒரு விதிவிலக்கு நேர்ந்தது. ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை ‘டைம்ஸ்’ சிறப்புப் பதிப்பில் ஆர்தர் மூர் எழுதிய செய்தி வந்தது. பிரான்ஸில் பிரிட்டிஷ் படை பின்வாங்குகிறது, இழப்பு கடுமையானது என்று அது வெளிப்படையாகச் சொன்னது. தணிக்கைத் தலைவரான ஸ்மித்தே அதை அனுமதித்தார்; கூடுதல் படை தேவை என்ற கருத்து அழுத்தமாக விழும்படி சில வரிகளைத் தம் கையாலேயே சேர்த்தும் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. ஆனால் ஆள்சேர்ப்பு அலுவலகங்களின் கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. செப்டம்பர் 3ஆம் நாள் மட்டும் 33,204 பேர் படையில் சேர்ந்தார்கள். போர் முழுவதிலும் ஒரே நாளில் சேர்ந்தவர்களின் உச்ச எண்ணிக்கை அதுதான். அம்மாதம் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 63 ஆயிரம். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் செப்டம்பர் 11ஆம் நாள் குறைந்தபட்ச உயரத்தை 5 அடி 6 அங்குலமாக உயர்த்தினார்கள்.

இந்த அலைக்கு மூரின் செய்தி எவ்வளவு காரணம், வேலையிழப்பும் தோழர்களோடு சேர்ந்து பணியாற்றலாம் என்ற வாக்குறுதியும் எவ்வளவு காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. ஒன்று மட்டும் உறுதி. சுவரொட்டிகள் பெருமளவில் நகரச் சுவர்களை நிறைப்பதற்கு முன்பே இந்த உச்சம் வந்து போய்விட்டது.

சுவரொட்டிகள்

நாடாளுமன்ற ஆள்சேர்ப்புக் குழு 1914 ஆகஸ்ட் இறுதியில் அமைந்தது. எல்லாக் கட்சியினரும் அதில் இருந்தனர். கட்சிகள் தேர்தலுக்கென்று ஊர்தோறும் வைத்திருந்த அலுவலகங்களும் பேச்சாளர்களும் முகவரிப் பட்டியல்களும் அப்படியே ஆள்சேர்ப்புக்குத் திரும்பின. குழு 5 கோடியே 40 லட்சம் பிரதிகள் அச்சிட்டது என்ற எண் பல நூல்களில் காணப்படுகிறது. அது சுவரொட்டிகள் மட்டுமா, துண்டறிக்கைகளும் சேர்ந்ததா என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு.

தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் எழுத்துகளே. அரசு அறிவிப்புக்கும் அவற்றுக்கும் வேறுபாடு குறைவு. 1915இல் படங்கள் வந்தன. ஈ. கீலி வரைந்த சுவரொட்டியில் சன்னலருகே நிற்கும் பெண்களும் சிறுவனும் வெளியே அணிவகுத்துப் போகும் வீரர்களைப் பார்க்கிறார்கள். போகச் சொல்வது பிரிட்டனின் பெண்களே என்கிறது வாசகம். அதைவிடக் கூர்மையானது சாவில் லம்லி வரைந்தது. போர் முடிந்த பிறகான ஒரு வீடு. தந்தை நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மடியில் விரித்த புத்தகத்தோடு மகள், பெரும் போரில் அப்பா என்ன செய்தார் என்று கேட்கிறாள். காலடியில் மகன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி விளையாடுகிறான். தந்தையின் பார்வை குழந்தைகள் மேல் இல்லை; நேரே நம்மை நோக்குகிறது. நாற்காலியின் உறையிலும் திரைச்சீலையிலும் இங்கிலாந்தின் ரோஜா முதலிய நாட்டுச் சின்னங்களைப் பூவேலையாக நுழைத்திருக்கும் கவனம் தனியே பார்க்கத் தக்கது. இக்கருத்து ஓவியருடையது அன்று, அச்சக உரிமையாளர் ஆர்தர் கன்னுடையது என்று அவர் குடும்பத்தார் பின்னாளில் தெரிவித்தனர். தம் மகன் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது என்று எண்ணிப் பார்த்தவர், பிறகு தாமும் தொண்டர் படையில் சேர்ந்தாராம்.

இக்காலச் சுவரொட்டிகளில் உலகம் முழுவதும் அறிந்தது, விரல் நீட்டும் கிச்சனர் படம். ஆல்ஃபிரட் லீட் வரைந்த அது முதலில் சுவரொட்டியே அன்று. ‘லண்டன் ஒப்பீனியன்’ வார இதழின் 1914 செப்டம்பர் 5ஆம் நாள் அட்டைப்படமாகவே வந்தது. ‘உன் நாட்டுக்கு நீ தேவை’ என்ற அட்டை வாசகத்தோடு அது அரசின் சுவரொட்டியாக நாடெங்கும் ஒட்டப்பட்டது என்பது நெடுங்காலம் ஐயமின்றிச் சொல்லப்பட்ட செய்தி. 2013இல் ஜேம்ஸ் டெய்லர் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. போர்க் காலத் தெருப் புகைப்படங்களில் அப்படத்தைக் காண்பது அரிது. அரசு பெருமளவில் அச்சிட்ட கிச்சனர் சுவரொட்டி, அவர் உரையின் நீண்ட வாசகம் கொண்ட வேறொன்று. லீட்டின் மூல ஓவியம் போர் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது சுவரொட்டி என்று பதிவானதே குழப்பத்தின் தொடக்கம் என்பன அவர் வாதங்கள். இம்முடிவை முழுவதும் ஏற்காதவர்களும் உண்டு. படத்தின் செல்வாக்கை மறுப்பவர் எவரும் இலர். அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் தம் முகத்தையே கண்ணாடியில் பார்த்து வரைந்த ‘அங்கிள் சாம்’ இதன் வழித்தோன்றல்; 1917–18இல் அது 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது.

சுவரொட்டிகளால் ஆள்சேர்ப்பு உயர்ந்ததா? 1915 செப்டம்பரில் சேர்ந்தவர்கள் 71 ஆயிரம் பேர் அளவில்தான். 1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்ததும் இவ்வகைச் சுவரொட்டிகளுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அதற்குள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் தாமாக முன்வந்திருந்தனர். சுவரொட்டிகள் இல்லாதிருந்தால் சரிவு இன்னும் வேகமாக இருந்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அதை மெய்ப்பிக்கவும் மறுக்கவும் போதிய சான்று இல்லை.

வெலிங்டன் ஹவுஸ்

வெளிநாட்டுப் பிரச்சாரம் மறைவாக நடந்தது. லண்டன் பக்கிங்ஹாம் கேட்டில் தேசியக் காப்பீட்டு ஆணையத்தின் அலுவலகமாக இருந்த வெலிங்டன் ஹவுஸில் சார்லஸ் மாஸ்டர்மன் இதை நடத்தினார். 1914 செப்டம்பர் 2ஆம் நாள் அவர் கூட்டிய கூட்டத்துக்குத் தாமஸ் ஹார்டி, ஆர்தர் கோனன் டாயில், எச். ஜி. வெல்ஸ், ஆர்னால்ட் பென்னட், செஸ்டர்டன் முதலியோர் வந்தனர். இப்பணியகம் இருப்பதே நாடாளுமன்ற உறுப்பினர் பலருக்குத் தெரியாது. வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் சிறு வெளியீடுகளும் வழக்கமான பதிப்பகங்களின் பெயரிலேயே கடைக்கு வந்தன. வாசகருக்கு அரசின் கை தெரியவில்லை. அமெரிக்காவில் செல்வாக்குள்ளவர்களுக்கு நாவலாசிரியர் கில்பர்ட் பார்க்கர் தம் சொந்தக் கடிதத்தோடு இவற்றை அனுப்பிவந்தார்.

இப்பணியகத்தின் பெயர்பெற்ற வெளியீடு பிரைஸ் அறிக்கை. பெல்ஜியத்தில் ஜெர்மானியப் படையின் கொடுமைகளைப் பற்றிய இது 1915 மே 12ஆம் நாள், ‘லூசிட்டானியா’ பயணிகள் கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ஐந்தாம் நாள் வெளிவந்தது. விலை ஒரு பென்னி. ஏறத்தாழ 30 மொழிகளில் பெயர்த்தார்கள். சாட்சிகள் 1,200 பேர் வரை இருந்தும் எவரும் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பேசவில்லை, பெயர்களும் மறைக்கப்பட்டன. குழந்தைகளின் அங்கங்களை வெட்டியதாகக் கூறும் பகுதிகளுக்குப் போருக்குப் பின் ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் அறிக்கை முழுவதும் கட்டுக்கதை என்ற எண்ணம் 1920களில் பரவியது. அதுவும் சரியன்று. ஜான் ஹார்ன், ஆலன் கிரேமர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1914இல் பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ஜெர்மானியப் படை கொன்ற குடிமக்கள் ஏறத்தாழ 6,500 பேர். மெய்யான கொலைகளோடு பொய்யான கதைகளைக் கலந்ததுதான் அறிக்கையின் பெருங்குற்றம். செத்தவர்களுக்குச் செய்த அநீதியும் அதுவே.

‘லூசிட்டானியா’ பதக்கத்தின் கதையும் இங்கே குறிப்பிடத் தக்கது. மியூனிக் கலைஞர் கார்ல் கெட்ஸ் அக்கப்பலைக் கேலி செய்து ஒரு பதக்கம் வார்த்தார். கப்பல் மூழ்கியது மே 7ஆம் நாள். பதக்கத்தில் பொறித்த நாளோ மே 5. தாக்குதல் முன்கூட்டியே திட்டமிட்டது என்பதற்கு இதையே சான்றாக்கியது பிரிட்டிஷ் தரப்பு. அங்கே செய்த நகல்கள் இரண்டரை லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்பர். சிறு அட்டைப் பெட்டியில் விளக்கத் தாளோடு ஒரு ஷில்லிங்குக்கு விற்றன. எதிரியின் பதக்கத்தை எதிரியைவிடப் பன்மடங்கு அதிகமாக வார்த்து விற்றவர்கள் வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

1917 ஏப்ரலில் ‘டைம்ஸ்’, ‘டெய்லி மெயில்’ இரண்டும் ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று செய்தி வெளியிட்டன. அடிப்படையாக இருந்தது, விலங்குகளின் உடல்களைப் பதப்படுத்தும் ஆலையைப் பற்றிய ஒரு பெர்லின் நாளிதழ்க் குறிப்பு. இத்திரிபு தெரிந்தே செய்யப்பட்டதா, ராணுவ உளவுப் பிரிவுக்கு இதில் பங்கு உண்டா என்பன இன்னும் விவாதத்தில் உள்ளன. 1925 டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின், இதற்கு அடிப்படை இல்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார்.

சோம் போரும் நாளிதழ்களும்

1916 ஜூலை 1ஆம் நாள் சோம் போர்முனையில் பிரிட்டிஷ் படையில் விழுந்தவர்கள் 57,470 பேர். அவர்களில் இறந்தோர் 19,240. அடுத்த நாள்களில் வந்த நாளிதழ்கள் தாக்குதல் நன்றாகத் தொடங்கியதாக எழுதின. 1915 முதல் அனுமதி பெற்ற நிருபர்கள் போர்முனைக்குச் செல்ல முடிந்தது. ஆனால் அவர்கள் ராணுவ உடையில், ராணுவ அதிகாரிகளின் துணையோடு சென்றார்கள், எழுதியதைத் தணிக்கையாளரிடம் காட்டினார்கள். அவர்களுள் ஒருவரான பீச் தாமஸ், அன்று எழுதியதை நினைத்து வெட்கப்படுவதாக 1925இல் வெளியிட்ட தம் நினைவுநூலில் ஒப்புக்கொண்டார். 1917 டிசம்பரில் நிருபர் ஃபிலிப் கிப்ஸ் ஒரு விருந்தில் போர்முனையின் நிலையை விவரித்ததைக் கேட்ட பிரதமர் லாய்ட் ஜார்ஜ், மக்களுக்கு உண்மை தெரிந்தால் போர் நாளைக்கே நின்றுவிடும் என்று ‘மான்செஸ்டர் கார்டியன்’ ஆசிரியர் சி. பி. ஸ்காட்டிடம் கூறினார். ஸ்காட்டின் நாட்குறிப்பில் இது பதிவாகியுள்ளது. சுவரில் ஒட்டியதைவிட நாளிதழில் வராமல் தடுத்ததே இப்போரின் வலிய பரப்புரை என்பதற்கு இதைவிட உயர்ந்த இடத்துச் சாட்சியம் இல்லை.

1918இல் பீவர்புரூக் பிரபுவின் கீழ்த் தகவல் அமைச்சகம் உருவானது. எதிரி நாடுகளுக்கான பிரச்சாரத்தை ‘டைம்ஸ்’, ‘டெய்லி மெயில்’ உரிமையாளர் நார்த்கிளிஃப் பிரபு குரூ ஹவுஸிலிருந்து நடத்தினார். துண்டறிக்கை வீசும் விமானிகள் பிடிபட்டால் ஜெர்மானியர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியதால், காகித பலூன்கள் கைக்கு வந்தன. மெல்ல எரியும் திரியில் துண்டறிக்கைக் கட்டுகளைத் தொங்கவிட்டுக் காற்று கிழக்கே வீசும்போது பறக்கவிட்டார்கள். திரி எரிய எரியக் கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து ஜெர்மானிய அணிகளின் மேல் விழுந்தன.

இந்தியாவில்

வெலிங்டன் ஹவுஸ் இந்திய மொழிகளிலும் படங்கள் நிறைந்த இதழ்களை அனுப்பியது. அவற்றுள் ‘சத்யவாணி’ வங்காளி, இந்தி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகளில் வந்ததாகக் குறிப்புகள் உண்டு. அதே காலத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளிதழ் 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்கீழ் கட்டிய ஜாமீன் தொகையை 1916இல் இழந்தது. 1917 ஜூனில் பெசன்ட் காவலில் வைக்கப்பட்டார்.

போருக்குப் பின்

1928இல் ஆர்தர் பான்சன்பி எழுதிய ‘போர்க்காலப் பொய்கள்’ நூல் பெரும் வாசிப்பைப் பெற்றது. அந்நூலிலும் பிழை உண்டு. ஆன்ட்வெர்ப் கோயில் மணிகளைப் பற்றிய செய்தி நாளிதழுக்கு நாளிதழ் திரிந்துகொண்டே போனதாக அவர் காட்டும் எடுத்துக்காட்டு, ஜெர்மானிய நாளிதழ் ஒன்று கேலிக்காகப் புனைந்தது என்று பின்வந்த ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர். பரப்புரையின் மேல் ஏற்பட்ட இந்தக் கசப்பால், இரண்டாம் உலகப் போரில் யூதர் படுகொலையைப் பற்றி வந்த மெய்யான செய்திகளையும் பலர் நம்பத் தயங்கினர்.

1939இல் தகவல் அமைச்சகம் மீண்டும் தோன்றியது. அமைதி காத்துப் பணியைத் தொடரச் சொல்லும் சுவரொட்டி 24 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகள் அச்சாகியும் பெரும்பாலும் ஒட்டப்படாமலே காகிதக் கூழாயிற்று. 2000இல் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி கிடைத்த பிறகே அது புகழ்பெற்றது. கவனமின்றிப் பேசாதீர் என்று எச்சரித்த ஃபூகாஸின் கேலிச்சித்திரங்களோ போர்க்காலத்திலேயே மக்கள் விரும்பிப் பார்த்தவை.

1982 ஃபாக்லாந்துப் போரில், 323 பேரைப் பலிகொண்ட ‘பெல்கிரானோ’ கப்பல் தாக்குதலை ‘சன்’ நாளிதழ் முதல் பதிப்பில் ஆரவாரத் தலைப்போடு வெளியிட்டு, அடுத்த பதிப்பில் மாற்றியது. அதற்குப் பின் வந்த போர்களில் சுவரொட்டிகளுக்கு இடம் மிகக் குறைவு.