காஸில் மலையடியில் ஒரு பழைய சாலை

கோடையில் கனடாவின் பான்ஃப் பூங்காவுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மொரெய்ன் ஏரியைத்தான். 2023 முதல் சொந்தக் காரில் அங்கே போகமுடியாது. பேருந்துக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்தபிறகு அரைநாள் மிஞ்சினால், லூயிஸ் ஏரிக்குப் பெருந்தெருவில் விரையாமல் பழைய 1ஏ சாலையில் போங்கள். காஸில் மலையடியில் ஒரு மனிதனின் சிலை நிற்கிறது. 1995இல் வைத்தார்கள். அதன் பெயர் 'ஏன்?'

பூங்காவின் பிறப்புக் கதையை எல்லாக் கையேடுகளும் சொல்லும். 1883இல் ரயில்பாதைத் தொழிலாளர் மூவர் வெந்நீர் ஊற்றொன்றைக் 'கண்டுபிடித்தார்கள்'; 1885இல் அரசு அதைச் சுற்றி 26 சதுர கிலோமீற்றரை ஒதுக்கியது; 1887இல் பூங்காச் சட்டம் வந்தது. ஸ்ரோனி நகோடா மக்களுக்கு அந்த ஊற்று முன்பே தெரியும். பின்னர் பூங்காவுக்குள் அவர்கள் வேட்டையாடுவதும் தடைசெய்யப்பட்டது.

சாலைகளின் கதை அவ்வளவு பேசப்படுவதில்லை. 1914இல் போர் தொடங்கியதும் ஒஸ்ரியா-ஹங்கேரியின் குடிகளாக வந்தவர்கள் 'எதிரி நாட்டு அந்நியர்' ஆனார்கள். பெரும்பாலோர் உக்ரைனியர். மேற்கின் வெற்று நிலங்களில் குடியேற கனடாவே விரும்பி அழைத்த மக்கள்! அந்தப் பேரரசின்மேல் அவர்களுக்குப் பெரிய பற்று இருந்ததில்லை. ஆனால் பத்திரத்தில் அதன் பெயர் இருந்தது. பத்திரம் ஒருவரைச் சந்தேகத்துக்குரியவராக்கும் விதத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாடு முழுவதும் 8,579 பேர் அடைக்கப்பட்டார்கள். வேலை இழந்து நகரங்களில் அலைந்ததே பலர் பிடிபடக் காரணம்.

1915 ஜூலையில் காஸில் மலையடியில் கூடாரங்களும் முள்வேலியும் எழுந்தன. நாளுக்கு 25 சதத்துக்கு, காவலர் துப்பாக்கியோடு நிற்க, மரம் வெட்டி லூயிஸ் ஏரியை நோக்கிச் சாலை போட்டார்கள். உல்லாசப் பயணிகளுக்கான சாலை. குளிர்காலத்தில் முகாம் அந்த வெந்நீர் ஊற்றின் பக்கத்துக்கே மாறியது. 1917இல் மூடினார்கள். மனம் இரங்கி அல்ல என்பது என் எண்ணம்: சுரங்கங்களுக்கும் ரயில்பாதைக்கும் ஆட்கள் போதவில்லை.

நாடாளுமன்றம் இதைச் சட்டத்தில் ஏற்க 2005 வரை ஆனது. 2013 முதல் ஊற்றருகே இதற்கென்று ஒரு கண்காட்சிக் கூடம் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏரிக்கு முன் அங்கே போவது நல்லது. பான்ஃப் நகரிலிருந்து நடந்தே போய்விடலாம்.