முகமில்லாத ரோதை முனி

மாரியம்மன், மதுரைவீரன், முனியாண்டி எல்லாரும் எங்கள் முன்னோரோடு கடல் தாண்டி வந்தவர்கள். ரோதை முனி அப்படி வரவில்லை. அவர் இந்த இலங்கை மலையிலேயே, ஸ்டோரில் பிறந்தவர். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோரு என்போம்; அங்கே சுழலும் சக்கரம் ரோதை.

அவரைக் கண்ணால் கண்டவர் இல்லை. சில ஸ்டோர்களில் ஒரு கல்லோ சூலமோ இருக்கும். டயகமப் பக்கம் நான் வேலை பார்த்த ஸ்டோரில் அதுவும் கிடையாது. எஞ்சின் அறைச் சுவரில் மூன்று குங்குமப் பொட்டு, அவ்வளவுதான். ஆனால் பேச்சில் மட்டும் ஓயாமல் வருவார். "பெல்ட்டுக்குக் கிட்ட நிக்காதடா, முனி இழுத்துப்புடும்" என்று எஞ்சின் பார்த்த பெரியப்பா பொடியன்களை விரட்டுவார்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது இந்த முனிக்கு வேலையே இல்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால்தான் உருட்டினார்கள். 1869இல் கண்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகுதான் மலையெங்கும் தேயிலை ஏறியது. பின்னாலேயே ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் ஜாக்சனின் உருட்டும் இயந்திரமும் பெல்பாஸ்ட் டேவிட்சனின் இலை உலர்த்தும் சிரோக்கோ அடுப்பும் வந்தன. அவற்றை ஓட்ட முதலில் ஆற்றுத் தண்ணீர், அப்புறம் நீராவி, எண்ணெய் எஞ்சின். முகட்டுக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். துண்டு நுனி மாட்டினால் ஆளையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

பகலில் பறித்த கொழுந்து இரவெல்லாம் மேல்மாடியில் வாடும். விடியுமுன்பே உருட்டத் தொடங்கவேண்டும். அரைத்தூக்கம், மங்கல் வெளிச்சம், குளிர், காதடைக்கும் சத்தம். முன்னோரின் ஊரில் முனி எல்லையோரத்து இருட்டில் நிற்பார். எங்களுக்கு அந்த இருட்டு எஞ்சின் அறையில் இருந்தது. பயந்த இடத்தில் சாமி முளைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் கத்தி வைக்குமுன் கும்பிடும் கவ்வாத்துசாமியும் இந்த வகைதான். தொழில் கொடுத்த சாமிகள்.

மாரியம்மனுக்குத் தேர் உண்டு, திருவிழா உண்டு, சம்பளத்தில் பிடிக்கும் கோயில் சந்தாவும் உண்டு. முனிக்கு ஸ்டோர் ஆட்கள் கைக்காசு போட்டு வாங்கும் சேவலும் தேங்காயும் சுருட்டும் ஒரு போத்தல் சாராயமும்தான். குடித்துவிட்டு ரோதைக்குக் கிட்டே போனால் மட்டும் அவருக்கு ஆகாது. "அவரு மட்டும் குடிக்கலாமா?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "அவரு பெல்ட்டு மாட்டப் போறதில்லையேடா" என்றார்.

1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் கம்பனிகளிடம் வந்தன. இயந்திரத்துக்கு ஒன்றாக மின் மோட்டார் வந்ததும் எங்கள் ஸ்டோரின் நீளத் தண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஸ்டோரையும் மூடினார்கள். கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. லொறிக்காரப் பொடியன் முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்து, யாருக்கடா என்றேன்.

"முனிக்குத்தான் தாத்தா. இதுவும் ரோதைதானே."