காசில் இருந்த "மலக்கு"



போன கிழமை தரம் 7 பிள்ளை ஒருவர் கடதாசியில் சுற்றி ஒரு சின்னக் காசு கொண்டுவந்தார். கிணறு வெட்டும்போது மண்ணோடு வந்ததாம். வாப்பா புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். செம்பு பளபளக்கிறது. உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. இனி அது எந்தக் காலத்துக் காசு என்று யார் சொல்வது?

மனம் கேட்கவில்லை. தேய்க்காத பழைய காசு எப்படியிருக்கும் என்று ரோம வெண்கலக் காசுகளின் படங்களைப் போனில் காட்டினேன். சிறகுள்ள ஒரு பெண்ணைக் கண்டதும், "சேர், இது மலக்கா?" என்று கேட்டார்கள்.

மலக்கு இல்லை. விக்டோரியா, ரோமரின் வெற்றித் தேவதை. ஒரு கைதியை இழுத்துக்கொண்டு போகிறாள். கி.பி. 388 முதல் அடித்த காசு. வேடிக்கை என்னவென்றால், அவளுக்குப் பக்கத்திலேயே கிறிஸ்துவின் குறியும் இருக்கிறது. அப்போதைய பேரரசர் தியடோசியஸ் கிறிஸ்தவர். பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதை 391இல் தடைசெய்தவரும் அவர்தான். ஆனாலும் காசிலிருந்து தேவதை இறங்கவில்லை.

நகமளவான இந்தச் சில்லறைக் காசுகள் பல கை மாறி நம் தீவுக்கு ஆயிரக்கணக்கில் வந்தன. அனுராதபுரம், சிகிரியா, தென்கரை எங்கும் கிடைத்திருக்கின்றன. அதுவும் போதாமல் இங்கேயே அவற்றைப் பார்த்துப் போலிக்காசு அடித்தார்கள். ஏமாற்ற அல்ல, சந்தையில் புழங்கத்தான். அடித்தவருக்கு லத்தீன் தெரியாது; எழுத்திருந்த இடத்தில் கோடும் புள்ளியும்தான். இன்னொரு பக்கம், தாமரையில் நிற்கும் லட்சுமிக்கு யானைகள் நீர் வார்க்கும் நீள்சதுரக் காசுகளும் இங்கே இருந்தன.

காசிலுள்ள உருவத்தைப் பார்த்து, அதை மடியில் வைத்திருந்தவரின் மதத்தைச் சொல்ல முடியாது. அதை வைத்து இது இன்னாருடைய காணி என்று சொல்லவே முடியாது. நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதற் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பழைய பொருள் கிடைத்தால் காணி போய்விடும் என்று ஆட்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. அந்த வாப்பா அழகுக்குத் தேய்த்தாரா, பயத்தில் தேய்த்தாரா, நான் கேட்கவில்லை.

ஆனால் கிடைத்ததை அறிவிக்க வேண்டும் என்பது 1940ஆம் ஆண்டுச் சட்டம். தேய்க்காதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தோடு படமெடுத்து வையுங்கள். அது உங்களுக்கும் சாட்சி.

நேற்று அந்தப் பிள்ளை மறுபடி வந்தார். இன்னொரு காசு, இந்த முறை மண்ணோடேயே. இன்றைக்கு அஸருக்குப் பிறகு வாப்பாவைப் பார்க்கப் போகிறேன்.